புதன்கிழமை இங்கிலாந்து

போன மாதம் துளசி வீட்டில் எல்லோரும் கூடியிருந்து தொலைக்காட்சியில் ஒரு இங்கிலாந்துக் கதை பார்த்தோம். பெரிய மாளிகை. வெளியில் மழை. ஜன்னலோரம் பட்டுக் கவுன் போட்ட ஒரு பெண் கடிதம் வாசிக்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடிதத்தில் இருந்தது அவளுடைய தகப்பன் செத்த செய்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? கோபி திரும்பிப் பார்த்து, அப்பா இன்றைக்கு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டாரா என்று இங்கிலீஷில் கேட்டான். துளசி மட்டும், "என்ன அப்பா பகிடி? சொல்லுங்கோவன்," என்றாள். சொல்ல வெளிக்கிட்டால் அரை நாள் போகும் என்றேன். "அப்ப எழுதித் தாங்கோ," என்றாள்.

எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் தமிழ் வாசிக்கிற வேகம் எனக்குத் தெரியும். இரண்டாம் பக்கத்தில் களைத்துப்போய் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வீர்கள். அம்மா தனக்குப் பிடிக்காத இடம் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறவள். ஆகவே அவள் தாண்டக்கூடிய இடத்தை முதல் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். எதை எங்கே வெட்டுவார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் வேலையில் ஒரு பாதி.

கொழும்பில் பத்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. ஒரு தியேட்டரில் ரீல் சுற்றப் போய், மெசின் ஓட்டப் பழகினேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தத் தியேட்டரும் இல்லை, நாங்கள் இருந்த வீடும் இல்லை. அம்மாவின் அண்ணன், உங்கள் பெரிய மாமா, அப்போதே ஒக்லண்டில், ஹில்ஸ்பரோப் பக்கம் கணக்காளராக இருந்தார். அவர் பொறுப்பு நின்று முதலில் என்னை அங்கே எடுப்பித்தார். அதே நகரத்து ஒனிஹங்காவில் ஒரு சின்னத் தியேட்டரில் படம் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைக் காட்டித்தான் எனக்கும் பிறகு அம்மாவுக்கும் வீசா. வேலை போனால் வீசாவும் போகும் என்பதை மாமா ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் நினைவுபடுத்துவார்.

அந்தத் தியேட்டரில் மற்ற நாட்களில் ஆட்கள் ஒருவரை ஒருவர் சுடுகிற படங்கள் ஓடும். அது அமெரிக்கா, நமக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை பின்னேரம் மட்டும் பெண்களுக்கான காட்சி. அன்றைக்கு இங்கிலாந்துப் படம்தான். இந்த நாட்டுக் காசில் இங்கிலாந்து இராணியின் முகம் இருக்கிறது. ஆகவே புதன்கிழமைப் படத்தில் நடக்கிறதுதான் இந்த நாட்டு நடப்பு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மாடியில் மெசின் இருக்கிற அறையைப் பெட்டி என்போம். அந்தப் பெட்டிக்குள் இருந்து, சுவரில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பாடம் படித்தேன். இங்கிலாந்துப் பெண் மாடிப்படியால் இறங்குவாள். ஜன்னலருகே கடிதம் வாசிப்பாள். தேநீர் வார்ப்பாள். துக்கம் தாங்காவிட்டால் மெத்தை போட்ட கதிரையில்தான் மயங்கி விழுவாள். ஒருத்தி கூடத் தரையில் விழுந்ததில்லை. கைகளில் எப்போதும் வெள்ளைக் கையுறை.

அந்தக் காலத்தில் ரெலிபோன் ஆனைவிலை. கசெற்றில் பேசித்தான் அம்மாவுக்கு அனுப்புவேன். அப்படி ஒன்றில் சொன்னேன்: "சரோ, இஞ்சை பொம்பிளையள் கையுறை இல்லாமல் வெளிக்கிடமாட்டினம். நீர் வரேக்க வெள்ளைக் கையுறை ரெண்டு மூண்டு சோடி கொண்டுவாரும். ஆரும் சுகம் கேட்டால் சுகத்தைச் சொல்லக் கூடாது. வானத்தைப் பார்த்து மழை வரும்போலை எண்டு சொல்லவேணும்."

பதில் கசெற் வந்தது. "கையுறையோட எப்பிடியப்பா சோறு சாப்பிடுறது?" என்று ஒரேயொரு கேள்வி. மிச்சம் முழுக்கப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற சத்தம்.

மாசி மாத வெயிலில் அம்மா விமானத்தால் இறங்கினாள். நீலக் காஞ்சிபுரம், முழங்கை வரை வெள்ளைக் கையுறை, கையில் குடை. கூட்டிப் போக வந்த பெரிய மாமி தோட்டத்தில் நின்ற கோலத்திலேயே அரைக் காற்சட்டையும் றப்பர் செருப்புமாக வந்திருந்தா. கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், செருப்பும் இல்லாமல் வெறுங்காலோடு, இடுப்பில் பிள்ளையும் கையில் ஐஸ்கிறீமுமாகப் போனாள். அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுதானோ உங்கட இங்கிலாந்து?"

பெரிய மாமி அவளை அணைத்து, "எப்பிடி சரோ, சுகமோ?" என்றா. அம்மா வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழை வரும்போலை," என்றாள். ஒரு முகில் இல்லை. ஒனிஹங்கா வந்து சேரும்வரை அவள் கையுறையைக் கழற்றவில்லை. வேண்டுமென்றே.

இதுதான் அம்மா தாண்டக்கூடிய இடம். வாசித்துவிட்டீர்கள். இனி அந்தக் கையுறைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லலாம். படச்சுருளை வெறுங்கையால் தொட்டால் கை எண்ணெய் படும். துணிக் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். அம்மாவின் சோடிகள் எல்லாம் என் பெட்டிக்கு வந்தன. அம்மா பக்கத்துத் தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிற பக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கையுறை போட்டால் ஊசி தைத்துவிடும்.

எங்கள் மனேச்சர் மிஸ்டர் விட்கம். ஒனிஹங்காவில் பிறந்து ஒனிஹங்காவில் வளர்ந்தவர். தகப்பன் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தவராம். அதை அவர் சொல்லமாட்டார், ஊரார் சொல்வார்கள். இங்கிலாந்தை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இங்கிலாந்தை அவர் 'வீடு' என்பார். "அடுத்த ஆண்டு வீட்டுக்குப் போகிறேன்," என்பார். "வீட்டில் இப்போது இலை உதிர்காலம்," என்பார். உண்மையாகவே வீட்டை விட்டு ஓடிவந்தவன் நான். அவர் வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத்தான் அவரைத் தேற்றவேண்டும் போலிருக்கும்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் பேசியது இங்கிலீஷ். மிஸ்டர் விட்கம் வானொலிச் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவார். ஆகவே அவர் பேச்சைப் புத்தகத் தமிழில் எழுதுகிறேன். ரிக்கற் கொடுத்து, தேநீர் போட்டு, இடைவேளையில் ஐஸ்கிறீமும் விற்கிற டொரீன் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஊர்ப்பேச்சுக்காரி. அவர் பேச்சு எங்கட பேச்சில்தான் சரியாக வரும். அவர் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். வாசிக்கப்போகிறது அம்மா என்பதால் அதைத் 'தம்பி' என்று எழுதுகிறேன்.

மிஸ்டர் விட்கத்தின் முறை இது. புதன்கிழமைப் படத்தைச் செவ்வாய் காலையில் அவருக்கு மட்டும் ஓட்டிக் காட்டவேண்டும். வெறும் மண்டபம். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து ஆசனத்தில், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல முடிந்த ரையோடு உட்காருவார். கைப்பிடிக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அமத்தினால் மேலே என் பெட்டியில் மணி அடிக்கும். ஒருமுறை அடித்தால், இங்கிருந்து வெட்டு. இரண்டுமுறை அடித்தால், வெட்டுவதை இதோடு நிறுத்து. மணி கேட்டதும் நான் சுற்றிக்கொண்டிருக்கிற சுருளுக்குள் ஒரு கடதாசித் துண்டை நுழைத்துவிடுவேன். பிறகு மேசையில் வைத்து, கடதாசி இருக்கிற இடம் கண்டு வெட்டி, முனைகளைச் சுரண்டிப் பசை பூசி ஒட்டுவேன். வெட்டிய துண்டுகளை எந்த ரீல், எந்த இடம் என்று குறித்துச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவேன். புதன் காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டி, முழுப் படமாகத் திருப்பி அனுப்புவோம். யாருக்கும் தெரியாது. புதன்கிழமைப் பெண்கள் மட்டும் மிஸ்டர் விட்கத்தின் இங்கிலாந்தைப் பார்ப்பார்கள்.

அந்த இங்கிலாந்தில் யாரும் வேலை தேடி வரிசையில் நிற்கமாட்டார்கள். பெண்கள் மதுக்கடைக்குப் போகமாட்டார்கள். கணவனை நோக்கித் தட்டு எறிந்தால், தட்டு கையில் இருக்கும்போதே அடுத்த காட்சி வந்துவிடும். ஒருமுறை எசமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு வேலைக்காரி கண்ணை உருட்டினாள். ஒரு முழப் பிலிம் கூட இல்லை. மணி அடித்தது.

"அந்தப் பெண்ணின் கண், மிஸ்டர் சிவம். அகற்றிவிடுங்கள்."

"கண்ணை மட்டுமா, சேர்?"

"முகத்தை முழுமையாக அகற்றிவிடுங்கள். தட்டு வந்து சேர்ந்தால் போதுமானது."

அன்றிலிருந்து அந்த மாளிகையில் தேநீர் தானாக வந்தது. என் ஆணிகளில் மட்டும் இங்கிலாந்தின் சமையலறைகளும் அழுக்குத் துணிகளும் பிள்ளை பெறுகிற சத்தங்களும் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை விருந்துக்கும் அத்தனை கோப்பைகளை யார் கழுவினார்கள் என்று கேட்கிற ஆளுக்கு, பதில் என் சுவரில் இருந்தது.

அங்கே வருகிற பெண்களில் முதலாமவர் ஹில்ஸ்பரோ மிஸஸ் ஆட்லி. பெரிய தொப்பி. ஏதோ பெண்கள் சங்கத்தின் தலைவி. அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள். அவர் வராவிட்டால் புதன்கிழமையே இல்லை. இடைவேளையில் மிஸ்டர் விட்கம் அவருக்குப் பக்கத்தில் நின்று, டொரீனைக் காட்டி, "இவர் ஒரு இராணுவக் கேணலின் இல்லத்தில் வளர்ந்தவர்," என்பார். டொரீன் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பார். பிறகு என்னிடம் சொன்னார்: "கேணல் வீட்டிலதான் வளர்ந்தனான், பொய்யில்லை. அம்மா அங்கை நிலம் துடைச்சவ. மேசைக்குக் கீழதான் வளர்ந்தனான்."

இனி நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன்.

மிஸ்டர் விட்கம் படத்தைப் போஸ்ரரைப் பார்த்துத்தான் எடுப்பார். இந்தப் போஸ்ரரில் மாளிகை ஒன்றின் முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீமாட்டி நாயோடு நின்றாள். உடனே எடுத்துவிட்டார். மிஸஸ் ஆட்லியின் சங்கம் முழுக்க அந்தப் புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. படப்பெட்டிகள் வந்த அன்று டொரீன் அவற்றின் மேலிருந்த பெயரை வாசித்துவிட்டு, கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது எங்கட ஊர்ப் படம்," என்றார்.

அந்தச் சீமாட்டி ஒரு பிஸ்கற் பக்டரி முதலாளியின் பெண்சாதி. படம் அவளைப் பற்றியதே இல்லை. பக்டரியில் பிஸ்கற் அடுக்குகிற பெண்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்கிற கதை. டொரீனின் ஊரில், உண்மையான பக்டரியிலேயே எடுத்திருந்தார்கள். கூட்டத்துக்கு அங்கே வேலை செய்கிற பெண்களையே நிறுத்தினார்களாம். அவர்களில் ஒருத்தி எயிலீன், டொரீனின் தங்கை.

"கடைசியில எல்லாரும் கேற்றைத் திறந்துகொண்டு வெளியில வருவினமாம். இடப்பக்கத்தால ரெண்டாவது ஆள் தான் எண்டு எழுதினவள். மூண்டு நாள் நடந்தாளாம். சாப்பாடும் குடுத்தாங்களாம்." துணியைத் திரும்ப எடுத்து மடித்தார். "படம் முடிஞ்சு வெளியில வரமுதல் ஆள் போய்ச் சேர்ந்திட்டாள். மார்பில கட்டி. நான் கப்பலேறி வந்தபிறகு அவளை ஒருக்காலும் காணேல்லை, தம்பி. போட்டோவில நிக்கிறாள். நடக்கிறதை இனி எங்கை பார்க்கிறது?"

செவ்வாய் காலை டொரீனுக்கு வேறு இடத்தில் வேலை. நானும் மிஸ்டர் விட்கமும் மட்டும். முதல் ரீலில் சீமாட்டி நாயோடு உலாவினாள். கீழே ஒரு திருப்திப் பெருமூச்சு கேட்டது. பிறகு பக்டரி வந்தது. மணி அடித்தது. பெண்கள் புகைத்தார்கள், முதலாளியைப் போலக் கூன் போட்டு நடந்து காட்டினார்கள், சத்தமாகச் சிரித்தார்கள். வெட்டை நிறுத்தச் சொல்லும் இரட்டை மணி வரும் வரும் என்று கடதாசித் துண்டோடு காத்து நின்றேன். வரவே இல்லை. சீமாட்டி திரும்பவும் தோட்டத்தில் தேநீர் குடிக்க வந்தபோதுதான் வந்தது. அப்படியே கடைசி ரீல் வரை. படத்தை விடக் கடதாசி கூடிவிட்டது.

மிஸ்டர் விட்கம் மாடி ஏறி வந்தார். ரை கோணியிருந்தது.

"மிஸ்டர் சிவம், இது இங்கிலாந்து அல்ல."

"அங்கேதான் எடுத்தார்களாம், சேர்."

"எடுத்த இடத்தைப் பற்றி நான் பேசவில்லை. தொழிற்சாலைப் பெண்கள் அனைவரையும் அகற்றிவிடுங்கள்."

"அப்படியென்றால் மிச்சம் அந்தச் சீமாட்டியும் தேநீரும் நாயும்தான், சேர்."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "நாய் நன்றாக நடித்திருக்கிறது," என்றார். "குறையும் நேரத்துக்கு இராணியின் பழைய செய்திப்படம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்சி முடிந்தவுடன் இந்தப் பெட்டிகள் இங்கிருந்து போய்விடவேண்டும். ஐந்து மணிக்கு லொறிக்குச் சொல்லிவிட்டேன்."

வெட்டினேன். ஆணி போதவில்லை, பெண்களைக் கதிரைகளிலும் தொங்கவிட்டேன். வேலைக்கு வந்த டொரீனிடம் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குக் காலையில் அந்தக் கடைசித் துண்டை மெசினில் போட்டு உங்களுக்கு மட்டும் காட்டுகிறேன், மனேச்சர் வரமுதல் முடித்துவிடலாம் என்றேன். பெரிய உதவி செய்கிறவன்போலத்தான் சொன்னேன்.

டொரீன் தலையை ஆட்டினார். "வேண்டாம் தம்பி. உயிரோட இருக்கேக்க எயிலீனை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. கேணல் வீட்டிலயும் பின்வாசலாலதான் போய்வந்தவள். இப்பவும் களவா, கதவின்ர திறப்புத் துவாரத்தால பார்க்கிறமாதிரி நான் பார்க்கிறதோ? வந்தால் சனத்துக்கு முன்னால வரட்டும். இல்லாட்டி விடும்." திரும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். பக்டரி நூல்தூசி அவள் தலைமயிரில் அப்படியே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவைக்கு என்னவாம் பிரச்சினை? உடுப்பில்லாமல் நிக்கினமோ?" என்றாள்.

"சீச்சீ. வேலை செய்யினம். அவ்வளவுதான்."

"அப்ப நான் படத்தில வந்தால் என்னையும் வெட்டுவியளோ?"

"இஞ்சை பாரும், மனேச்சர் சொல்றதை நான் செய்யாட்டி வேலை போகும். வேலை போனால்..."

"அது அண்ணா சொல்லுவார். நீங்கள் சொல்லுங்கோ. வெட்டுவியளோ?"

கறி நல்லாயிருக்கு என்றேன். "அதுவும் வேலைசெய்துபோட்டு வந்து நான் வைச்சதுதான்," என்றாள்.

புதன் காலை வெள்ளெனப் போனேன். முதல் ரீலைத் தொடாமல், வெட்டியபடியே விட்டேன். மிஸ்டர் விட்கம் முதல் ரீல் முழுக்கக் கதவடியில் நின்று பார்ப்பார். பிறகு தேநீர் மேசையைக் கவனிக்க முன்மண்டபத்துக்குப் போவார். அது மாறாத வழக்கம். இரண்டாவது ரீலிலிருந்து கடைசி வரை, கதிரையில் தொங்கியவர்கள் எல்லோரையும் எடுத்து அவரவர் இடத்தில் ஒட்டினேன். வெட்டி ஒட்டும்போது முனையில் ஒரு கட்டம், சுருளில் இருக்கிற ஒரு தனிப்படம், போகத்தான் செய்யும். அது வழமையில் குப்பைக் கூடைக்கு. கேற்றடிக் காட்சியில் போன கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மண்டபம் நிறையத் தொப்பிகள். டொரீனிடம் விஷயத்தை முன்னமே காதில் போட்டிருந்தேன். டொரீன் மனேச்சரிடம், காலில் வாதம், இன்றைக்கு நிற்க ஏலாது என்று சொல்லிவிட்டு, நடைபாதையோரம் ஒரு ஆசனத்தில் போய் இருந்தார். மிஸ்டர் விட்கம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே கேத்தில் வைக்கவேண்டி வந்தது. சீமாட்டி உலாவினாள். நாய் நடித்தது. அவர் திருப்தியோடு வெளியே போனார்.

எங்களிடம் இரண்டு மெசின். ஒன்றில் ரீல் முடிகிற நேரம், திரையின் வலது மேல்மூலையில் கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஒரு கறுத்தப் பொட்டு வரும். அதைக் கண்டதும் மற்ற மெசினை ஓடவிடவேண்டும். அடுத்த பொட்டு வந்ததும் மாற்றவேண்டும். சரியாகச் செய்தால் கீழே இருக்கிற யாருக்கும் நீ ஒருவன் மேலே இருப்பதே தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு ரீல் மாற்றியதும் கீழே கதவைப் பார்த்துக்கொண்டேன். கடைசி ரீலில் பக்டரிப் பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். புதன்கிழமைப் படத்தில் அவ்வளவு சத்தம் வருவதில்லை. கீழே மண்டபக் கதவு திறந்தது. பாற்குவளையும் கையுமாக மிஸ்டர் விட்கம் நின்றார்.

திரையைப் பார்த்தார். கடைசி வரிசை ஆசனத்தின் கைப்பிடிக்குக் கீழே கையை விட்டார்.

என் பெட்டியில் மணி அடித்தது. நான் கையில் போட்டிருந்த கையுறையைக் கழற்றி, மணிக்கும் அடிக்கிற சுத்தியலுக்கும் நடுவில் திணித்தேன். முழங்கை வரை நீளமானது என்பதால் நன்றாக அடைந்தது. அதற்குப் பிறகு மணி, துணியில் விரல் தட்டுவதுபோல டப் டப் என்று மட்டும் கேட்டது. விடாமல் கேட்டது.

அவர் மாடிக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. ஓடிவந்தால் அரை நிமிடம் கூட ஆகாது; படத்தில் கேற் திறக்கமுதல் வந்து மெசின் விளக்கை மூடிவிடலாம். ஆனால் மிஸஸ் ஆட்லி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டார். புதன்கிழமைப் படங்களில் ஒரு கனவானும் ஓடியதில்லை. மிஸ்டர் விட்கம் தலையைச் சாய்த்து அவருக்கு வணக்கம் சொன்னார். பாற்குவளையைத் தளம்பாமல் பிடித்துக்கொண்டு, கதவை மெல்லச் சாத்தி, ஒரு கேணலைப்போல நிமிர்ந்து, படி படியாக நடந்து வந்தார். அவருடைய சப்பாத்துச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. திரையில் கேற் திறந்தது. பெண்கள் கைகோத்து வரிசையாக வந்தார்கள். இடப்பக்கத்தால் இரண்டாவது ஆள் கமராவை நேரே பார்த்து, சிரிப்பை அடக்க ஏலாமல் நடந்தாள். கீழே, நடைபாதை ஓரத்தில், டொரீன் எழுந்து நின்றார்.

மிஸ்டர் விட்கம் பெட்டிக்குள் வந்தபோது படம் முடிந்து, திரை வெள்ளையாக இருந்தது. அவர் முகமும் அப்படித்தான்.

"மிஸ்டர் சிவம். நீங்கள் உங்கள் மேலங்கியை எடுத்துக்கொண்டு..."

கீழேயிருந்து மிஸஸ் ஆட்லி அவரைக் கூப்பிட்டார். வேலை நீக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினார். நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வசனத்தைப் படிப்படியாகக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"மிஸ்டர் விட்கம்," என்றார் மிஸஸ் ஆட்லி, "எவ்வளவு அழகான படம்! அந்த வீடு! அந்தத் தோட்டம்! அந்த நாய்! நீங்கள்தான் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்." சுற்றி நின்ற தொப்பிகள் எல்லாம் ஆடின. "ஒரேயொரு குறை. நடுவில் ஏதோ வேலைநிறுத்தம் பற்றிச் செய்திப்படம் ஒன்று போட்டீர்களே, அது சற்று நீளமாகப் போய்விட்டது. நான் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன்."

அந்தச் செய்திப்படம்தான் படம். அதை அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மிஸ்டர் விட்கம் என்னைப் பார்த்தார். என்னை வேலையால் நிறுத்தினால் ஏன் என்று சொல்லவேண்டும். சொன்னால், சங்கத் தலைவி பார்த்தது என்ன என்பதையும் சொல்லவேண்டும். அவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"மிஸ்டர் சிவம், இனிமேல் செய்திப்படத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்."

"ஓம் சேர்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

மேலங்கியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொளுவினேன். அந்த வேலையில் இருந்துதான் வீசாவும் நிரந்தரமானது, பிறகு நீங்கள் இருவரும் பிறந்தீர்கள், பிறகு நகரத்துப் பெரிய தியேட்டர்களுக்குப் போனேன், கடைசியில் பெட்டிக்கு ஆளே தேவையில்லை என்று ஓய்வு தந்தார்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது.

லொறி வரமுதல் டொரீன் மேலே வந்தார். அந்தப் பெட்டிக்குள் அவர் முன்பு வந்ததில்லை. கையில் எனக்கு ஒரு தேநீர்.

"கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"கண்டன். நடை மாறேல்லை. வலது காலைக் கொஞ்சம் இழுப்பாள், சின்னனில இருந்து." கதிரையில் இருந்தார். திடீரென்று கோபம் வந்தது. "தலையில என்னத்துக்குத் தம்பி அழுக்குத் துணியைக் கட்டிவிட்டிருக்கிறாங்கள்? அவள் வெளியில போறதெண்டால் முதல்நாளே மயிரைச் சுருட்டி வைக்கிறவள். அதுவும் படம் பிடிக்கிறாங்கள் எண்டால் ரெண்டு நாள் சுருட்டியிருப்பாள். முகம் முழுக்கக் கரி. பிஸ்கற் பக்டரியில கரி எங்கால வந்தது? மா இருக்கும், சீனி இருக்கும். சும்மா நிண்டவளுக்குப் பூசிவிட்டிருக்கிறாங்கள். ஏழையெண்டு தெரியவேணுமாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. மிஸ்டர் விட்கத்தின் இங்கிலாந்து பொய், இந்தப் படத்து இங்கிலாந்து மெய் என்று நினைத்துத்தான் அவ்வளவும் ஒட்டினேன்.

சட்டைப் பையிலிருந்து அந்த ஒரு கட்டத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். தபால் முத்திரையளவுதான். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையாகச் சின்னச் சின்னப் பெண்கள். இடப்பக்கத்தால் இரண்டாவது முகம், ஊசி முனையளவு. வெகுநேரம் பார்த்தார். பிறகு கைலேஞ்சியின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்த முகத்தை மெல்லத் துடைத்தார். திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போகுதில்லை," என்றார். பிறகும் துடைத்தார்.